சூரஜ்குண்டில் எங்கள் பாய்க்கடை



அண்ணனும் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதும் கட்டுரை இது. ஊர் பத்தமடை. தொழில் பாய் நெய்தல். எங்கள் உம்மாவின் உம்மாவும் தறியில் அமர்ந்தவர். அதற்கு முந்தைய தலைமுறையைப் பற்றிச் சொல்வதற்கு இப்போது எவருமில்லை. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹரியானா மாநிலம் ஃபரீதாபாதை ஒட்டியுள்ள சூரஜ்குண்டில் நடைபெற்ற கைவினைத் திருவிழாவுக்கு உம்மாவையும் அழைத்துக்கொண்டு கடை போடச் சென்றிருந்தோம். ஊருக்குத் திரும்பிய பின் உறவினர்கள் அனைவரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எவ்வளவு விற்றது?" அதற்குரிய விடையை ஒரு தொகையாகச் சொல்ல எங்களால் இயலவில்லை. ஏன் இயலவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

திருநெல்வேலியில் திருக்குறள் விரைவுவண்டியில் ஏறினால் ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையம் வரை இறங்கி மாறவேண்டியதில்லை. இரண்டு இரவுப் பயணம். பாய்க்கட்டுகளை இருக்கைக்கு அடியிலும் மேற்பலகையிலும் நடைவழியின் ஓரத்திலும் வைத்துவிட்டு, பரிசோதகர் வரும்போதெல்லாம் முகத்தைப் பணிவாக வைத்துக்கொண்டோம். நாகபுரியைத் தாண்டியதும் குளிர் தொடங்கியது. உம்மா தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கம்பளிச் சட்டை அணிந்தார்கள். அணிந்ததும், "ஆட்டுக்கு இதுவரை நாம் நன்றி சொன்னதே இல்லை, மக்கா" என்றார்கள்.

சூரஜ்குண்டு என்பது ஒரு குளத்தின் பெயர். பத்தாம் நூற்றாண்டில் தோமர் மரபைச் சேர்ந்த சூரஜ்பால் என்னும் அரசர் கட்டியதாகக் கூறுவர். கல் படிகள் அரைவட்டமாக இறங்கும். அதன் அருகிலுள்ள வெளியில் 1987ஆம் ஆண்டு முதல் பிப்ரவரி மாதந்தோறும் இத்திருவிழா கூடுகிறது. கொரோனாவினால் 2021இல் நடைபெறவில்லை. மறு ஆண்டு மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் மாநிலத்தை முன்னிறுத்துவார்கள். நாங்கள் சென்ற ஆண்டு குஜராத். பிப்ரவரி 2 முதல் 18 வரை பதினேழு நாட்கள். கூரை வேய்ந்த குடில்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு குடிலுக்குள்ளும் ஒரு மாநிலத்துக் கைத்தொழில். சௌபால் என்னும் திறந்தவெளி அரங்கில் பகல் முழுவதும் ஆட்டமும் பாட்டும். தலைப்பாகை கட்டிய ஹரியானாக்காரர்கள் மகுடி போன்ற பீன் ஊதிக்கொண்டு கூட்டத்தின் நடுவே வருவார்கள். அவர்களைச் சுற்றி ஆணும் பெண்ணும் ஆடத் தொடங்கிவிடுவார்கள். காதுக்கு ஓய்வே கிடையாது.

பதினேழு நாட்கள் தங்குவதாக நிய்யத் வைத்துச் சென்றமையால் ஷாஃபி மத்ஹபாயினும் ஹனஃபி மத்ஹபாயினும் கஸ்ருக்கு இடமில்லை, முழுத் தொழுகைதான். குடிலுக்குப் பின்புறம், மரப்பெட்டிகளுக்கும் தட்டிக்கும் இடையே ஒரு முஸல்லா விரிக்கும் அளவு இடம் இருந்தது. ஒருவர் கடையைப் பார்க்க, ஒருவர் தொழுவோம். டில்லியில் கிப்லா ஏறத்தாழ நேர்மேற்கு. நம்மூரில் மேற்கிலிருந்து வடக்காகச் சாய்ந்து நின்றே பழகிய உம்மா, முதல் இரண்டு நாட்கள் தக்பீர் கட்டுமுன் எங்களைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள்.

எங்களுக்கு வலப்பக்கக் குடில் கட்ச் பகுதியிலுள்ள அஜ்ரக்பூரிலிருந்து வந்த பெரியவருடையது. கத்ரி முஸ்லிம் குடும்பம். அவுரி நீலத்திலும் மஞ்சிட்டிச் சிவப்பிலும் மரக்கட்டையால் அச்சிடும் அஜ்ரக் துணி அவர்களது தொழில். நாங்கள் அவரைச் சாச்சா என்று அழைத்தோம். எங்கள் ஹிந்தி அரைகுறை. அவருடைய ஹிந்தியிலும் கட்ச் மொழி பாதி. ஆயினும் ஒரு செய்தியில் நாங்கள் உடனே ஒன்றுபட்டோம். அவர்களுடைய பழைய ஊர் தமட்கா. 2001ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே தண்ணீரின் தன்மை மாறிவிட்டது. சாயம் முன்போல் பிடிக்கவில்லை. நல்ல நீரைத் தேடிப் புது ஊர் அமைத்தார்கள். அதற்குத் தொழிலின் பெயரையே வைத்தார்கள். "தண்ணீர் போனால் கை போயிற்று" என்றார் சாச்சா. தாமிரபரணிக்காரர்களாகிய எங்களுக்கு இதை எவரும் விளக்கவேண்டியதில்லை. ஆற்றங்கரைக் கோரையைப் பச்சையாக அறுத்து, கிழித்து, வெயிலிலும் பனியிலும் உலர்த்தி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவிட்டு, அது பருத்த பின் மீண்டும் உலர்த்தி, மேலும் நுண்ணிதாகக் கிழித்தால்தான் பட்டுப்பாய்க்குரிய இழை கிடைக்கும். தேங்கிய நீரில் ஊறினால் கறுத்துவிடும். அந்த இழையைப் பருத்திநூல் பாவின் ஊடே ஒவ்வொன்றாகச் செலுத்தி அச்சால் அடிக்கவேண்டும். உயர்ந்த ரகப் பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். முடிந்தபின் அதைத் துணிபோல் மடித்துக் கைப்பைக்குள் வைக்கலாம். எங்களூர்க் கல்யாணங்களில் மணமக்களின் பெயரையும் நாளையும் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். அப்படி நெய்த பாய்களைப் பேரப்பிள்ளைகள் காலம் வரை வைத்திருப்போர் உண்டு.

இவ்வளவு நேரம் பிடிக்கும் பொருளை வைத்துக்கொண்டு பதினேழு நாள் கடையை நிரப்புவது எப்படி? எங்கள் தடுமாற்றம் இங்கேதான் தொடங்கிற்று.

எங்கள் கையில் இருந்தவை பட்டுப்பாய் பதினொன்று, நடுத்தர ரகம் முப்பது. ஐந்தாறு நாட்களில் குடில் காலியாகிவிடும் என்று அஞ்சினோம். அதனால் விசைத்தறியில் நெய்த தொழுகைப் பாய்கள் நூறு மொத்த விலைக்கு வாங்கினோம். ஒன்று ரூ. 160. பாவில் நைலான், கோரை தடிப்பு. ஆனால் பார்வைக்குக் குறையில்லை. இவ்வாறு வாங்கி விற்பதில் மார்க்கத் தடை எதுவும் இல்லை. விசைத்தறிப் பாயும் பாய்தான்; அதை நெய்தவனுக்கும் வயிறு உண்டு. குற்றம் பாயில் இல்லை. நாங்கள் அதை எங்கே வைத்தோம் என்பதில் இருந்தது.

திருவிழாவில் கடை போடும் கைவினைஞர்கள் தொழிலைச் செய்துகாட்டுவது வழக்கம். எங்கள் குடிலின் முன்பாகத்தில் மூங்கில் கால்கள் நாட்டி, பாவு இழுத்துக் கட்டி, சிறிய தறி ஒன்றை அமைத்தோம். எங்களுள் இளையவள் பர்தாவுடன் தறியில் அமர்ந்து நெய்வாள். உம்மா பக்கத்திலிருந்து நீண்ட குச்சியில் கோரையைக் கோத்துத் தருவார்கள். மூத்தவன் விற்பனையையும் கணக்கையும் பார்த்துக்கொள்வான். மக்கள் கூடிவிட்டார்கள். கேட்காமலே படம் எடுத்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் கையை எடுத்தார்கள். "இது பிளாஸ்டிக்கா?" என்று கேட்டவர்கள் பலர். "யோகா பாயா?" என்று கேட்டவர்கள் அதைவிடப் பலர். ஒருவர் தறியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். உம்மா மறுமொழி சொல்லாமல் தம் இரு கைகளையும் விரித்துக் காட்டினார்கள்.

இதைச் சலிப்புடன் எழுதவில்லை. பார்வையாளர்களுக்காக நடக்கும் திருவிழாவில் பார்வையாளன் பார்க்கத்தான் செய்வான். நாம் நம் திண்ணையில் அமர்ந்து நெய்யும்போது எவர் வந்து நின்று வியந்தார்கள்? தலைநகரத்துப் பெண்மணி ஒருவர் அரைமணி நேரம் மண்ணில் குந்தியிருந்து, இழை எண்ணி எண்ணிப் பார்த்து, எழும்போது கண் கலங்கியிருந்ததை நாங்கள் கண்டோம். அவர் எதுவும் வாங்கவில்லை. எங்களுக்கு அது குறையாகவும் தோன்றவில்லை.

ஆனால் தறிக்கு இரண்டு முழம் தள்ளித்தான் அந்தக் குவியல் இருந்தது. மேலே எங்கள் கையால் நெய்த நடுத்தரப் பாய்கள் நான்கு. கீழே விசைத்தறிப் பாய்கள். தறியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களின் கை நேராகக் குவியலுக்குப் போகும். விலை கேட்பார்கள். மேலிருப்பது ரூ. 1200, கீழிருப்பது ரூ. 450 என்போம். வேறுபாடு ஏன் என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னோம். கேட்டவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் நெய்யும் கையை ஒருமுறை திரும்பிப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு ரூ. 450 கொடுத்தார்கள். நாங்கள் பொய் சொல்லவில்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். முதல் ஐந்து நாட்களில் முப்பத்தொரு பாய்கள் இவ்வாறு போயின. நான்கு வரிசை தள்ளி வேறொருவர் இதே தரப் பாயை விசைத்தறிப் பாய் என்றே சொல்லி ரூ. 250க்கு விற்றுக்கொண்டிருந்தார். அதை நாங்கள் அறிந்தே இருந்தோம்.

ஐந்தாம் நாள் இரவு. இஷா தொழுதுவிட்டுத் தங்கும் கூடத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுவரோரமாக அமர்ந்து விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த உம்மா சொன்னார்கள்: "மக்கா, அந்தக் கோதுமைக் குவியலில் ரசூலுல்லாஹ் கையை விட்டார்களே, அந்த வியாபாரி ஏதாவது பொய் சொன்னானா?"

நாங்கள் இருவரும் பேசவில்லை.

மதரஸாவில் ஓதிய ஒவ்வொருவருக்கும் தெரிந்த செய்திதான். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஓர் உணவுத் தானியக் குவியலைக் கடக்கும்போது கையை உள்ளே நுழைக்கிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. மழையில் நனைந்துவிட்டது என்கிறார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்த வியாபாரி எதையும் பொய்யாகச் சொன்னதாக அதில் இல்லை. உலர்ந்தது மேலே இருந்தது. நனைந்தது கீழே இருந்தது. எங்கள் குவியலும் அப்படித்தான் இருந்தது.

மூத்தவன் முதலில் வாதாடினான். ரூ. 450 பாயைக் கைநெசவு என்று நம்புகிறவர் விலையைக் கொண்டே அறிந்துகொள்ளவேண்டாமா? சந்தையில் எல்லாரும் இப்படித்தானே? மீதிப் பாய்கள் விற்காவிட்டால் போட்ட முதல் என்னாகும்? உம்மா எதற்கும் எதிர்வாதம் செய்யவில்லை. "நாளை தறியில் நான் உட்காரமாட்டேன். என் கையைக் காட்டி அந்தப் பாயை விற்கவேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் சாச்சாவிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்தார், ஏளனச் சிரிப்பன்று. தம் குடிலின் மூலையைக் காட்டினார். அங்கே திரை அச்சில் செய்த துணிகள் தனியாகக் கிடந்தன. மேலே ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை. "இந்தச் சண்டை எங்கள் வீட்டில் பத்து வருடத்துக்கு முன்பே நடந்தது" என்றார். பிறகு ஒரு பழைய செய்தியை நினைவுபடுத்தினார். அறியாமைக் காலத்து அரபு நாட்டில் உகாழ், மஜன்னா, துல்மஜாஸ் என்னும் சந்தைகள் கூடும். உகாழில் சரக்கும் விற்கும், கவிதையும் விற்கும். இஸ்லாம் வந்தபின், ஹஜ்ஜுக் காலத்தில் அங்கே வணிகம் செய்வது பாவமோ என்று ஸஹாபாக்கள் தயங்கினார்கள். இறைவனின் அருளைத் தேடுவதில் குற்றமில்லை என்னும் கருத்துடைய வசனம் (2:198) அதுபற்றியே இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். "சந்தையை அல்லாஹ் மூடவில்லை. குவியலைத்தான் பிரிக்கச் சொன்னான்" என்றார் சாச்சா.

குவியலைப் பிரித்தோம். விசைத்தறிப் பாய்களைக் குடிலின் மறுகோடிக்குக் கொண்டுபோனோம். சாச்சாவின் பேரன் அட்டையில் ஹிந்தியில் எழுதித் தந்தான்: இவை இயந்திரத்தில் நெய்தவை, விலை ரூ. 250. அதன்பிறகே உம்மா தறியின் பக்கம் வந்தார்கள்.

பிரிப்பது எளிதாயிருந்தது. போய்விட்ட முப்பத்தொன்றை என்ன செய்வது? ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். வாங்கியவர்களைக் கண்டறிய முடிந்தால் தெரிவித்து, திருப்பித் தர விரும்பினால் பாயைப் பெற்றுக்கொள்ளுங்கள், வைத்துக்கொள்ள விரும்பினால் கூடுதலாகப் பெற்றதைக் கொடுங்கள் என்றார். கண்டறியவே முடியாதவர்களுக்காக அத்தொகையை அவர்கள் பெயரில் ஸதகா செய்துவிடவேண்டும். அதன் நன்மையை நீங்கள் எதிர்பார்க்கக்கூடாது, பிற்காலத்தில் அவர்கள் வந்தால் அவர்கள் விருப்பப்படி தீர்க்கவேண்டும் என்றும் சொன்னார். அழைப்பை முடிக்குமுன், "எத்தனை ரூபாய்க்காக இப்படித் தூக்கம் கெட்டீர்கள்?" என்று கேட்டார். கணக்குச் சொன்னோம். ஒரு பாய்க்கு ரூ. 200. மொத்தம் ரூ. 6200. அவர் சற்று நேரம் அமைதியாயிருந்துவிட்டு ஸலாம் சொன்னார்.

முப்பத்தொருவருள் பத்தொன்பது பேர் கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தியிருந்தார்கள். மூத்தவனின் சொந்தக் கணக்கிலேயே பெற்றிருந்தமையால் அவர்களுடைய பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொருவருக்கும் ரூ. 200 திருப்பி அனுப்பி, பாய் இயந்திர நெசவு, வேண்டாமெனில் கடையில் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம் என்று சுருக்கமாக எழுதினோம். கேட்காமல் பணம் வந்தால் இக்காலத்தில் மனிதர்கள் மகிழ்வதில்லை என்பதை அன்று அறிந்தோம். ஒருவர் இது என்ன மோசடி என்று கேட்டுவிட்டு எங்களைத் தடைசெய்துவிட்டார். இன்னொருவர் ரூ. 200ஐ அப்படியே திருப்பி அனுப்பி, தயவுசெய்து தொல்லை செய்யாதீர்கள் என்று எழுதினார். பன்னிரண்டு பேரிடமிருந்து மறுமொழியே இல்லை. மூன்று பேர் நன்றி என்று ஒரு சொல் எழுதினார்கள். சனிக்கிழமையன்று ஒரு கணவனும் மனைவியும் பாயை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார்கள். அந்த அம்மையார் கோபமாகத்தான் இருந்தார். கோபிக்க அவருக்கு உரிமை இருந்தது. "உங்கள் அம்மாவின் கையைப் பார்த்துத்தானே வாங்கினேன்" என்றார். முழுப் பணத்தையும் கொடுத்தோம். பெற்றுக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வந்து பட்டுப்பாய் வாங்கினார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை.

மீதி ஒருவர் மட்டும் இரவில் அழைத்து நீண்ட நேரம் பேசினார். ஜெய்ப்பூர்க்காரர், நகை வேலை செய்பவராம். தம் கடையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிப் பேசினார். அதை இங்கே எழுதுவது முறையன்று.

விற்பனை குறைந்தது. அட்டையைப் படித்துவிட்டு விலகியவர்கள் ஏராளம். விசைத்தறிப் பாய்களில் பதினெட்டு மட்டுமே அதன்பின் விற்றன. மீதியைச் சுமந்துகொண்டு திரும்பினோம். பட்டுப்பாய் பதினொன்றில் ஏழு போயிற்று. நடுத்தர ரகம் முழுவதும் போயிற்று; அட்டை வைத்ததனால் போயிற்றா, வார இறுதிக் கூட்டத்தினால் போயிற்றா என்பதை அல்லாஹ்வே அறிவான். செலவு போக எங்களிடம் மிஞ்சியது சொற்பம். மூத்தவன் அந்த மாதக் கடன் தவணையை ஒரு நண்பரிடம் கைமாற்று வாங்கித்தான் கட்டினான். இதையும் சொல்லாமல் விட்டால் நாங்கள் மறுபடியும் ஒரு குவியல் கட்டியதாகிவிடும்.

கடைசி நாள் சாச்சா உம்மாவுக்கு ஓர் அஜ்ரக் துப்பட்டா கொடுத்தார். உம்மா தறியில் பாதி முடிந்திருந்த சிறு பாயை அன்று மாலைக்குள் முடித்து, ஓரம் கட்டி, அவரிடம் தந்தார்கள். அதன் நடுவில் ஓர் இழை தவறியிருந்தது. "இருட்டில் நெய்தது, பிழை இருக்கிறது" என்று விரலை வைத்துக் காட்டிவிட்டே கொடுத்தார்கள்.

ரொக்கம் கொடுத்த பன்னிரண்டு பேர் மிச்சம். அவர்களுக்குப் பெயர் இல்லை. ஊருக்கு வந்ததும் ரூ. 2400ஐ ஹஜ்ரத்திடம் ஒப்படைத்தோம். அது எவரிடம் போனது என்று கேட்கவில்லை. ஆனால் உம்மா விடவில்லை. பள்ளிக்கூடக் குறிப்பேடு ஒன்றை எங்களிடம் கேட்டு வாங்கி, தமக்கு நினைவிருந்தவர்களை எழுதச் சொன்னார்கள். நாங்கள் எழுதினோம். ரோஜா நிறச் சால்வை, கையில் பேத்தி. காவலர் உடுப்பில் வந்தவர், தாயாருக்கு என்றார். தலைப்பாகைப் பெரியவர், பாயை முகர்ந்து பார்த்தார். கல்லூரிப் பிள்ளைகள் மூவர், விலை பேசவில்லை. இப்படி எட்டு பாய்களுக்கு ஆள் கிடைத்தது. மீதி நான்கு வரிகளில் எண் மட்டும் போட்டு இடம் விட்டிருக்கிறோம்.

அடுத்த திருவிழாவுக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம். இடம் கிடைக்குமா என்பது தெரியாது. உம்மா அந்தக் குறிப்பேட்டைப் பயணப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார்கள். சென்ற வாரம் பார்த்தபோது எடுத்து மேலே வைத்திருக்கிறார்கள்.